எப்போ என்று மட்டும் கேட்டவர்

செஞ்சி கடைவீதியில் ரத்தம் சொட்டும் கையோடு நடந்து போனால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி, "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். பூக்கடைக்காரர் கேட்பார். செல்போன் கடைக்காரர் கேட்பார். மெதுவாக ஊர்ந்து போகும் பேருந்தின் படியில் நின்றபடியே கண்டக்டர் கேட்பார். கிளினிக் வாசலை எட்டுவதற்குள் கதையை ஐந்து தரம் சொல்லியிருப்போம். ஐந்தாவது தரத்தில் அது நன்றாகவே தேறியிருக்கும். உள்ளே இருக்கும் அவர் மட்டும் அந்தக் கதையைக் கேட்க மாட்டார். காயத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "எப்போ ஆச்சு?" என்பார். அவ்வளவுதான்.

வெட்டுப்பட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்துத்தான் தையல் போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும். அதனால் அது அவருக்கு வேண்டும். நாய்க்கடி, பாம்புக்கடி என்றால் எது கடித்தது என்றும் கேட்பார். அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்க மாட்டார். யார், எதற்காக, யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் எந்த மருந்தின் அளவையும் மாற்றாது என்பது அவர் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். அப்படி அவர் சொன்னதில்லை. இது நான் எழுதிக்கொண்ட குறிப்பு. அவரைப் பற்றி நான் எழுதிக்கொண்ட குறிப்புகள் ஏராளம். அவற்றால் விளைந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'ஆர்மி'தான். திண்டிவனம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வயதான டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வேலை பார்த்தார். டாக்டர் காலையில் இரண்டு மணி நேரம் வந்து சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்றப் பொழுதில் கட்டுப் போடுவது, பிரிப்பது, தையல் எல்லாம் இவர் கையில். முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. ஒட்ட வெட்டிய நகம். ஒரு அலுமினியப் பாத்திரத்தில் கத்தரிக்கோலும் இடுக்கியும் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். வேலை இல்லாத நேரத்தில் துணிச்சுருளைச் சதுரம் சதுரமாக நறுக்கி அடுக்குவார். ஒன்றுகூடக் கோணலாக இருக்காது.

நான் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவன். கற்பித்தது போர்ச் சட்டம். போரிலும் சில விதிகள் உண்டு: விழுந்தவனை அடிக்கக் கூடாது, சரணடைந்தவனைக் கொல்லக் கூடாது, காயம்பட்டவன் எந்தப் பக்கத்து ஆளானாலும் மருந்து போட வேண்டும், மருந்து போடுகிறவனை யாரும் தொடக் கூடாது. இவையெல்லாம் ஐரோப்பாவில் பிறந்து நமக்கு வந்து சேர்ந்தவை என்று ஒரு கட்சி. எங்களிடம் அதற்கு முன்பே இருந்தது, படை எடுக்கும் முன் பறையறைந்து நோயாளிகளையும் பெண்களையும் ஒதுங்கச் சொன்னவர்கள் நாங்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்கள் அனுப்பிய விமான டிக்கெட்டில் இரண்டு முறை ஜெனீவா போய் வந்தவன்.

ஓய்வுக்குப் பின் செஞ்சிக்கே திரும்பி வந்தது ஒரு பெரிய புத்தகம் எழுதுவதற்காக. போர்ச் சட்டங்களில் உலகப் பார்வை, வட்டாரப் பார்வை. மூன்றாம் இயல் முழுக்க எங்கள் கோட்டை. மூன்று மலைகளைச் சுவரால் வளைத்துக் கட்டிய கோட்டை எத்தனை கைகள் மாறியிருக்கிறது, எத்தனை ஆண்டு முற்றுகையில் கிடந்திருக்கிறது. அதற்குள் காயம்பட்டவர்களை எப்படி நடத்தினார்கள் என்று ஆராய்வது திட்டம். அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அந்த இயல் நீண்டுகொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் இளநீர் வெட்டப் போய்க் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். கதையை அழகாகத் தயார் செய்துகொண்டு கிளினிக்குள் நுழைந்தேன்.

"எப்போ ஆச்சு?"

"அரை மணி இருக்கும். நடந்தது என்னன்னா..."

"கைய நீட்டுங்க சார்."

மூன்று தையல். நடுவில் இரண்டு முறை கதையைத் தொடங்கிப் பார்த்தேன். "ஆட்டாதீங்க" என்றார். தையலை விட அதுதான் அதிகம் வலித்தது. கட்டு முடிந்த பிறகு, சுவரில் மாட்டியிருந்த அவருடைய ராணுவப் படத்தைப் பார்த்தேன். வேண்டிய ஆதாரம் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

அன்றிலிருந்து பிற்பகல் தோறும் நான் அங்கே ஆஜர். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் குறிப்புப் புத்தகம். வருகிறவர்கள் என்னையும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் கேட்காத கதையை எல்லாம் என்னிடம் சொன்னார்கள். நானும் கேட்டேன். எந்த ஊர், யார் மகன், என்ன தகராறு, எல்லாம்.

ஆனால் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

"எல்லையில இருக்கும்போது எதிரிப் படையோட ஆளுங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டிருக்கேன்."

"எப்படி இருந்தது?"

"இன்னா எப்படி இருந்தது? ரத்தம் வந்துது. கட்டுனேன்."

"ஜெனீவா விதிகள் எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே?"

"ஒரு கிளாஸ் வெச்சாங்க சார். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம். தூங்கிட்டேன்."

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'பேட்டி தோல்வி' என்று எழுதினேன். ஒரே ஒரு முறை, கத்தரிக்கோலைக் கழுவியபடி, தானாக ஒன்று சொன்னார். பிடிபட்ட ஒருவன் வயிற்றுக் காயத்தோடு இவர் கையில் கிடந்தான். இரண்டு நாள் ஏதேதோ முனகினான். மேலதிகாரி வந்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். "தண்ணி கேட்டான்னு சொன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் பாஷை எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தாலும் தண்ணிதான் கேட்டிருப்பான்."

மருத்துவப் பணியாளர் தன்னிடம் வந்த காயம்பட்டவரைப் பற்றிய தகவலைத் தரும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது. இந்த விதியை நான் முப்பது ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அவர் சொன்னது அந்த விதிதான் என்று உடனே புரிந்துகொண்டு, மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டேன். புரிந்துகொண்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

இன்னொரு நாள் வாழைப்பழ வண்டிக்காரர் ஒருவர் கையில் கடியோடு வந்தார். கோட்டைக் குரங்கு ஒன்று சீப்போடு இழுத்திருக்கிறது, இவர் தராசுத் தட்டால் அடித்திருக்கிறார், அது கடித்துவிட்டது. பின்னாலேயே ஆட்டோக்காரர் ஒருவர் அந்தக் குரங்கையும் கோணிப்பையில் சுற்றித் தூக்கி வந்தார். மண்டையில் வெட்டு, அரை மயக்கம். ஆர்மி இருவரையும் ஒரே பெஞ்சில் போட்டார். குரங்குக்கு ரத்தம் அதிகம் போயிருந்ததால் முதலில் அதற்கு.

"இன்னா ஆர்மி இது? கடிச்சதுக்கு மொதல்ல, கடிபட்டவனுக்கு அப்புறமா?"

"உனக்கு ஊசி போடணும். அதுக்குப் போடத் தேவையில்ல. அதான் அது சீக்கிரம் முடியுது."

"அதுக்கும் எனக்கும் ஒரே மருந்தா?"

"மருந்து வேற. பெஞ்சுதான் ஒண்ணு."

நான் இதையும் எழுதிக்கொண்டேன். 'பாரபட்சமின்மை. குரங்கு' என்று. புத்தகத்தின் அடிக்குறிப்பில் சேர்க்கலாம் என்று எண்ணம்.

பிறகு ஏரிச் சண்டை வந்தது. ஊர்ப்பெயர்கள் வேண்டாம். ஏரிக்கு மேல்கரையில் ஓர் ஊர், கீழ்க்கரையில் ஓர் ஊர். அந்த வருடம் மழை குறைவு. கீழ்க்கரைக்காரர்களுக்கு நெல் காய்கிறது, மதகைத் திறக்க வேண்டும். மேல்கரைக்காரர்கள் மீன் குத்தகை எடுத்திருக்கிறார்கள், திறக்கக் கூடாது. ஒரு காலைப்பொழுதில் யாரோ திறந்துவிட்டார்கள். கழி, அரிவாள், மண்வெட்டி எல்லாம் வெளியே வந்தன. பெரிய காயக்காரர்கள் விழுப்புரத்துக்குப் போனார்கள். போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாத ஏழு பேர் இவரிடம் வந்தார்கள். நான்கு பேர் மேல்கரை, மூன்று பேர் கீழ்க்கரை.

பெஞ்சு ஒன்றுதான். காயத்தின் ஆழத்தைப் பார்த்து வரிசையாக உட்காரவைத்தார். அதனால் காலையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள் தோள் உரச உட்கார வேண்டியதாயிற்று.

"காலத் தள்ளி வைடா."

"ஏன், ஏரிதான் உங்களுது. பெஞ்சுமா?"

"மதகத் தொறந்த கைதானே, அதான் வீங்கிக் கெடக்குது."

"மீன் புடிக்கிற கை மட்டும் நாத்தம் அடிக்காம இருக்குதா?"

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார்: "நூல் நெறைய இருக்குது. வாய்க்கும் போட்டுடுவேன்."

அவர் ஏழு பேரிடமும் எப்போ ஆச்சு என்று மட்டும் கேட்டார். ஏழு பேரும் காலை எட்டு மணி என்றார்கள். மேல்கரையும் கீழ்க்கரையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மறுபடி கட்டு மாற்ற வேண்டிய நாளை மறக்காமல் இருக்க அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு. அதில் பெயர் இருக்காது. 'இடது கெண்டைக்கால், ஆழம், தையல் ஆறு, செவ்வாய்' என்று இருக்கும். 'வலது முன்கை, தையல் நாலு, புதன்' என்று இருக்கும். காயத்தைப் பார்த்தாலே ஆளை அடையாளம் தெரிந்துவிடும், பெயர் எதற்கு என்பார். அந்த ஏழு வரிகளையும் எழுதி மூடி வைத்தார். நான் என் குறிப்புப் புத்தகத்தில் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். அன்றைக்கு அவ்வளவு ரத்தத்தைப் பார்த்து மகிழ்ந்த ஒரே மனிதன் செஞ்சியில் நான்தான். மூன்றாம் இயலுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை போலீசார் வந்து நோட்டைக் கேட்டார்கள். அவர் மறுப்பே சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். புரட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. விசாரணை என்று அவரையும் அழைத்துப் போனார்கள். செய்தி எனக்குப் பதினோரு மணிக்கு வந்தது. டாக்டர் ஊரில் இல்லை.

நான் துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டேன். என் மனைவி வாசல் வரை வந்து, "போயி அவரக் கூட்டிக்கிட்டு வாங்க. பாடம் நடத்தாதீங்க" என்றாள்.

ஸ்டேஷனில் அவர் மூலை பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "சார் நீங்களா? நானும் லா படிச்சவன்தான் சார். உங்க நோட்ஸ் வெச்சுத்தான் இன்டர்நேஷனல் லா பாஸ் பண்ணேன்." மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது. அங்கேயே நான் தோற்றுவிட்டேன். அது எனக்குத் தெரிய இன்னும் சில மணி நேரம் ஆயிற்று.

பாடம் நடத்தினேன். காயம்பட்டவர்களைக் கவனிப்பது பற்றி, மருத்துவப் பணியாளரின் பாதுகாப்பு பற்றி, எங்கள் மண்ணின் மரபு பற்றி. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். பிறகு மிகப் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஒரே ஒரு டவுட் சார். ரெண்டு பக்கத்துக்கும் சமமா பார்த்தாருன்னு சொல்றீங்க. ஒரு பக்கத்து ஆளுங்கள மட்டும் ஒளிச்சு வெச்சு வைத்தியம் பார்த்திருந்தா? நோட்டுல பேரு இல்லையே. நான் எப்படி நம்பறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய பாரபட்சமின்மையைச் சந்தேகிப்பதா? பதினொரு பக்கம் ஆதாரம் வைத்திருக்கும் என் முன்னாலேயா?

"கொடுங்க அந்த நோட்ட" என்றேன்.

மூலையிலிருந்து அவர் இருமினார்.

"இதோ பாருங்க. இடது கெண்டைக்கால், ஆறு தையல். இது கீழ்க்கரை. மதகு பார்க்கிறவரோட மகன். அடுத்து வலது முன்கை. இவர் மேல்கரை, குத்தகைக்காரர் தம்பி. கெண்டைக்கால்காரருக்கு முதல்ல, குத்தகைக்காரர் தம்பிக்கு அப்புறம். ஏன்? காயம் ஆழம். அவ்வளவுதான் காரணம். பக்கம் பார்க்கவே இல்லை."

அவர் மறுபடி இருமினார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். மாணவர் குறிப்பெடுக்கும்போது ஆசிரியர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது முப்பது ஆண்டுப் பழக்கம். குறைத்தேன். ஒரு பெயரை இரண்டாம் முறையும் சொன்னேன்.

மூன்றாம் முறை அவர் பலமாக, நீளமாக இருமினார். நான் பேச்சை நிறுத்தி, "பாவம், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கார். அவருக்குக் கொஞ்சம் தண்ணி கொடுக்கச் சொல்லுங்க" என்றேன். கொடுத்தார்கள். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. நான் மீதி ஐந்து பேருக்கும் விளக்கம் சொல்லி முடித்தேன்.

"இப்போ க்ளியரா இருக்குது சார்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் தன் வேலையைச் செய்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாணவர் அவர்தான். உடனே ஆர்மியை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் இருவரும் வெயிலில் நடந்து திரும்பினோம். வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. நன்றியால் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். கிளினிக் வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "வர்றேன் சார்" என்று கிளம்பினார். இருமல் இல்லை.

வீட்டில் மனைவியிடம் ஒரு வழக்கை வென்ற கதையாகச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். "அப்போ அந்த ஏழு பேரு?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் கலைந்தது.

மாலைக்குள் நான்கு பேரைப் பிடித்துவிட்டார்கள். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். ஆர்மியால் இரண்டு பேரைத்தான் முன்கூட்டி எச்சரிக்க முடிந்தது என்பது பிறகு தெரிந்தது. மூன்றாவது ஆள் மதகுக்காரர் மகன். சைக்கிள் போய்ச் சேருவதற்குள் ஜீப்பின் சத்தம் கேட்டு வரப்பில் இறங்கி ஓடியிருக்கிறான். இருபத்தாறு வயது, ஆறு தையல் போட்ட கால்.

செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றும் நாள். அவர் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் தேடிப் போனார். சிங்கவரம் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளில் ஒவ்வொரு மோட்டார் கொட்டகையாகப் பார்த்தார். அங்கே இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் தொண்டூர்ப் பக்கம். பிடிபடாத ஒருவனைத் தேடிப் போகிறவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவரிடமிருந்துதான் பெயர்கள் போயின என்று இரண்டு ஊரும் நம்பிக்கொண்டிருந்தன. நோட்டு அவருடையது, ஸ்டேஷனுக்குப் போனதும் அவர்தான். இல்லை, சொன்னவர் இன்னார் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவலூர்பேட்டைக்கு அப்பால் ஓர் உறவினர் கொல்லையில் அவனைக் கண்டுபிடித்தார். கால் கறுத்து ஊதியிருந்தது. டிராக்டரில் ஏற்றி விழுப்புரம் கொண்டு போனார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் கிளினிக்குப் போனேன். அவர் துணி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். நான்தான் இருமினேனே."

நான் அப்போது செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மன்னிப்புக் கேட்கப் போனவன், சட்டம் பேசினேன். அந்த விதி ஆயுதப் போருக்குத்தான் பொருந்தும், ஊர்த்தகராறுக்குப் பொருந்தாது என்றேன். அதிலும் அந்த விதி வருவது கூடுதல் உடன்படிக்கைகளில், நம் நாடு அவற்றில் சேரவே இல்லை என்றேன். அது நான் கட்டுரை எழுதிய தலைப்பு.

அவர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "நாடு கையெழுத்துப் போடல. சரி. நீங்க போட்டிருக்கலாமே சார்."

கோபம் இல்லை. நிஜமாகவே இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று அறிய விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது காலில் ஆணி குத்திய ஒரு பெண் உள்ளே வந்தாள். அவர் எழுந்து என்னிடம் வந்தார். "சார், செத்த எழுந்திரிங்க." எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே, நிழல் விழும் இடமாகப் பார்த்துப் போட்டார். துண்டால் தூசியும் தட்டினார். "இங்க உக்காருங்க." உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தார்.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. நோயாளி இல்லாதபோது நான் உள்ளே உட்காரலாம். டீ வாங்கி வருவார், மழையைப் பற்றிப் பேசுவார். யாராவது காயத்தோடு வாசலில் தெரிந்தால் எழுந்து வந்து நாற்காலியின் முதுகைப் பிடிப்பார். நான் எழுந்துவிடுவேன். ஒரு முறையும் அவர் முகம் சுளித்ததில்லை. திட்டியிருந்தால் நான் பதில் வாதம் வைத்திருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. புத்தகம் மூன்றாம் இயலோடு நின்றது. பிற்பகல்களில் போகாமலே இருந்திருக்கலாமே என்று மனைவி கேட்டாள். போனேன். வேறு எங்கே போவது?

இரண்டு ஊரிலும் உண்மை எப்படியோ கசிந்தது. அவர் சொல்லவில்லை. ஸ்டேஷனில் டீ கொண்டு வந்தவர் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் காலை காய்கறி வாங்கித் திரும்பும்போது என் தலையில் ஒரு கல் விழுந்தது. எறிந்த கையைப் பார்த்தேன். ஆளையும் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டு, ஓடாமல், நடந்தே போனார்.

பையைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குப் போனேன். பெஞ்சில் உட்காரவைத்தார்.

"எப்போ ஆச்சு?"

"இப்பத்தான்."

அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். வாழ்நாளில் அப்படி ஒரு கேள்விக்கு நான் ஏங்கியதில்லை. அவர் முடியை மழித்து, கழுவி, நான்கு தையல் போட்டார். புது நோட்டில் 'தலை, வலது, தையல் நாலு, வெள்ளி' என்று எழுதினார். எனக்கும் பெயர் இல்லை.

மாலை இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். இந்த முறை நாங்கள் டீ கொடுத்தோம்.

"யாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். நான் பாத்துக்கறேன்."

"கோட்டைப் படியில வழுக்கிட்டேன்."

"கோட்டப் பக்கமே போயி பத்து வருஷம் ஆவுதுன்னு அன்னிக்கு சொன்னீங்களே சார்."

"அதனாலதான் வழுக்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டு எழுந்தார். கதவைச் சாத்திய என் மனைவி, "இன்னிக்குத்தான் அஞ்சு மார்க்" என்றாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை கட்டு மாற்றப் போனேன். அவர் பழைய துணியை நனைத்து மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்தார். எறிஞ்சது இன்னார்னு எனக்கு நல்லாத் தெரியும், ஆனா அவர் பேரைச் சொல்ல நான் வாயே திறக்கல" என்றேன். இன்னார் என்று இங்கே எழுதுகிறேன். அவரிடம் பெயரையே சொன்னேன். தகப்பன் பெயரும், ஊரும்.

அவர் கை நின்றது.

"எங்கிட்ட சொல்லிட்டீங்களே சார்" என்றார்.

மருந்து தடவிப் புதுக் கட்டுப் போட்டு முடித்தார். நான் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். வாசலில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. மதகுக்காரர் மகன், வெட்டிய காலின் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொள்ள வந்திருந்தான். படி ஏறியவன் என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவர் வந்து சேருவதற்குள் நானே எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். அவன் உள்ளே வருவதற்காகச் சுவரோடு ஒட்டி நின்று, அவன் கடந்த பிறகு அதை வெளியே கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தேன்.